அரை மிதி

கீபோர்டுக்கு அரை மிதி தெரியாது. மேல் அம்புக்குறியை அழுத்தினால் கார் முழு வேகத்துக்கு இழுக்கும். விரலை எடுத்தால் மொத்தமாக விட்டுவிடும். நடுவில் எதுவும் கிடையாது. ஸ்டியரிங்கும் அப்படித்தான். இடது அம்பை அழுத்தினால் முன்சக்கரங்கள் முழுக்க இடது பக்கம், விட்டால் நேராக. நேர்ச்சாலையில் பந்தயம் விட இது போதும். டிரிஃப்ட் பண்ணப் போதாது. காரின் பின்பக்கத்தை வேண்டுமென்றே வழுக்கவிட்டு, பக்கவாட்டில் சாய்ந்த நிலையிலேயே ஒரு வளைவு முழுவதையும் கடப்பதுதான் டிரிஃப்ட். பின்சக்கரங்கள் தரையை நன்றாகப் பிடித்துக்கொண்டால் வழுக்கல் நின்றுபோகும். அடியோடு பிடி விட்டால் கார் சுழன்று, வந்த வழியைப் பார்த்து நிற்கும். இந்த இரண்டுக்கும் இடையில் ஓர் ஒடுக்கமான இடம் இருக்கிறது. அதற்குள் காரை இருத்தி வைப்பதுதான் மொத்த வித்தையும். நான் அதைத் திருப்பூரில், 15 வேலம்பாளையத்தில், ஒரு பேக்கரியின் மாடியில் இருந்த பிரவுசிங் சென்டரில் கற்றுக்கொண்டேன்.

திருப்பூர் தனி மாவட்டமான 2009ஆம் வருடம். நான் பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தேன். அம்மா ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங். நாங்கள் ஆண்டிபட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அந்தத் தெருவில் பாதிக் குடும்பங்கள் தேனி, உசிலம்பட்டி, திண்டுக்கல் பக்கத்து ஆட்கள்தான். பெயர்ப்பலகையில் பிரவுசிங் சென்டர் என்று எழுதியிருந்தாலும் பிரவுசிங் செய்ய வந்தவர்கள் குறைவு. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ ரிசல்ட் வரும் நாட்களில் மட்டும் பெற்றோர் படியேறி வந்து ஹால் டிக்கெட்டை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். மற்ற நாட்களில் கேம்தான். கடைக்கார அண்ணன் அவிநாசிக்காரர். பள்ளிக்கூடப் பையன்களையும் ‘வாங்க, போங்க’ என்றுதான் பேசுவார். “ஏனுங் தம்பி, நாலாம் நம்பர் காலியாத்தான் இருக்குது, உக்காருங்” என்பார். நாலாம் நம்பர்தான் எனக்கு வேண்டும். நான் சேர்த்துவைத்த காரும் ஜெயித்த போட்டிகளும் அந்த ஒரு மெஷினின் ஹார்ட் டிஸ்கில்தான் கிடந்தன. வேறு யாராவது அதில் உட்கார்ந்திருந்தால் படியிலேயே காத்திருப்பேன்.

சனிக்கிழமை சம்பளம் என்பது திருப்பூரின் வாரக்கணக்கு. அதனால் ஞாயிற்றுக்கிழமை அந்த மாடியில் இடமே இருக்காது. கம்பெனிப் பையன்கள் குளித்து, பவுடர் போட்டு, நல்ல சட்டையில் வருவார்கள். வாரம் முழுக்க ஒன்றரை ஷிப்ட் பார்த்தவர்கள். காலை எட்டரைக்கு உள்ளே போனால் இரவு எட்டரைக்கு வெளியே வருகிறவர்கள். பெரும்பாலோர் கான்டர் ஸ்ட்ரைக்கில் சுட்டுக்கொள்வார்கள், அல்லது வைஸ் சிட்டியில் பைக்கை எடுத்துக்கொண்டு சும்மா ஊரைச் சுற்றுவார்கள். கார்ப் பந்தயம் ஆடுகிறவர்களும் உண்டு. ஆனால் நீட் ஃபார் ஸ்பீட் அண்டர்கிரவுண்ட் 2இல் டிரிஃப்ட் போட்டி வந்தால் முகம் சுளித்து வெளியேறி வேறு போட்டிக்குப் போய்விடுவார்கள். அதில் முதலில் வருவதால் பயனில்லை. எவ்வளவு சாய்வாக, எவ்வளவு வேகமாக, எவ்வளவு நேரம் விடாமல் வழுக்குகிறோம் என்பதற்கு மதிப்பெண். விடாமல் வழுக்கினால் மதிப்பெண்ணின் பெருக்கல் எண் ஏறிக்கொண்டே போகும். சுவரில் இடித்தால் அந்த வழுக்கலில் சேர்த்தது எல்லாம் போய்விடும். வேகமாகப் போவதைத் தவிர வேறெதுவும் தெரியாத ஒருவனை இந்தப் போட்டி நிற்க வைத்துவிடும். எனக்கு அது பிடித்திருந்தது. முதலில் வருகிறவன் வேறு, நன்றாக ஓட்டுகிறவன் வேறு என்று சொன்ன முதல் விளையாட்டு அது.

அந்த கேம் 2004இல் வந்தது. எங்கள் மாடிக்கு அது வந்துசேர்ந்தபோது உலகம் அடுத்தடுத்த கேம்களுக்குப் போய்விட்டிருந்தது. அங்கிருந்த பழைய பென்டியம் மெஷின்களில் ஓடக்கூடிய கார் கேம்கள் அதுவும், 2006இல் வந்த கார்பனும்தான். அண்டர்கிரவுண்டில் டிரிஃப்ட் போட்டிக்குள் நுழைந்ததும் காரின் குணமே மாறிவிடும். முன்சக்கர இழுவைக் காரைக் கொண்டுபோனாலும் வால் வழுக்கும். நிஜத்தில் அப்படி நடக்காது என்று பின்னால் தெரிந்துகொண்டேன். ஆனாலும் அடிப்படைப் பாடத்தில் அந்த கேம் பொய் சொல்லவில்லை.

பாடம் எனக்குக் கேமிலிருந்து நேராக வரவில்லை. ஓர் ஓவர்லாக் டைலரின் காலிலிருந்து வந்தது.

கோடை விடுமுறையில் அம்மா வேலை பார்த்த கம்பெனியிலேயே என்னைக் கைமடி வேலைக்குச் சேர்த்துவிட்டார்கள். டைலருக்குப் பக்கத்தில் நின்று பீஸ் எடுத்துக் கொடுப்பது, தைத்து விழுவதை மடித்து அடுக்குவது, நூல் கத்தரிப்பது. நான் நின்றது உசிலம்பட்டிப் பக்கத்து அண்ணன் ஒருவரின் மெஷின் அருகில். ஞாயிற்றுக்கிழமைகளில் அதே மாடிக்கு அவரும் வருவார். எனக்குப் பின்னால் நின்று வேடிக்கை பார்ப்பார், தானாக உட்கார மாட்டார். அவருக்கு இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். கழுத்து ரிப் வைப்பதில் அந்த லைனில் அவருக்கு நிகர் கிடையாது.

அப்போது அங்கிருந்தவை கிளட்ச் மோட்டார் பொருத்திய மெஷின்கள். சுவிட்சைப் போட்டால் மோட்டார் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும், ஊசி நகராது. மிதியை அழுத்தினால்தான் கிளட்ச் பிடித்து மெஷின் ஓடும். அழுத்தி மிதித்தால் பறக்கும். லேசாக மிதித்தால் கிளட்ச் பாதி பிடித்து, பாதி வழுக்கி, தையல் மெதுவாக நகரும். புதிதாக வருகிறவர்களுக்கு முழு மிதி முதல் நாளே வந்துவிடும். இந்த அரை மிதிக்கு மாதக்கணக்காகும். ரிப் வைக்க அது இல்லாமல் முடியாது. டி-சர்ட்டின் கழுத்துச் சுற்றளவைவிட ரிப்பின் நீளம் குறைவு. ரிப்பை மட்டும் சீராக இழுத்துக்கொண்டு, உடம்புத் துணியை இழுக்காமல், வளைவில் திருப்பிக்கொண்டே போகவேண்டும். ஊசிக்கு முன்னால் கத்தி ஓடுகிறது. கை கொஞ்சம் உள்ளே தள்ளினால் துணி வெட்டுப்படும்; வெட்டுப்பட்டால் டேமேஜ். அண்ணன் ஊசியைப் பார்த்து நான் கண்டதில்லை. அவர் கண் எப்போதும் விரல்களுக்கு இந்தப் பக்கம், இனிமேல் ஊசிக்குப் போகப்போகிற துணியில் இருக்கும். ஊசிக்கு அடியில் நடப்பதை அவருடைய காலும் காதும் பார்த்துக்கொண்டன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வழக்கம்போல என் கார் வளைவின் பாதியில் சுழன்று சுழன்று நின்றுகொண்டிருந்தது. பின்னால் நின்ற அண்ணன் பொறுக்காமல் சொன்னார்: “டேய் தம்பி, வளைவு வந்தப்புறம் திருப்புற நீ. வர்றதுக்கு முன்னாடியே துணி திரும்பியிருக்கணும்டா. காரைப் பாக்காத. காரு எங்க போவணுமோ அதைப் பாரு.”

“அப்படிப் பாத்தா இடிச்சிருதுண்ணே.”

“இடிக்கும். இப்ப எல்லாத்தையும் முழுசா மிதிக்கிறீல்ல, அதான் இடிக்குது. விட்டு விட்டு மிதி.”

விட்டு விட்டு மிதிப்பது. கீபோர்டில் அரை மிதி இல்லாததற்கு இதுதான் வழி. மேல் அம்புக்குறியை அழுத்திப் பிடிக்காமல் தட்டிக்கொண்டே இருக்கவேண்டும். வேகமாகத் தட்டினால் முக்கால் மிதி. தட்டுகளுக்கு இடையே இடைவெளி விட்டால் கால் மிதி. ஸ்டியரிங்கும் அதே மாதிரி; வால் எந்தப் பக்கம் வழுக்குகிறதோ அந்தப் பக்க அம்பைத் தட்டித் தட்டித் திருப்பவேண்டும். இரண்டு கைகளும் வெவ்வேறு தாளத்தில் தட்ட, கார் அந்த நடு இடத்தில் நிற்கத் தொடங்கியது. முதலில் வளைவில் பாதி தூரம். பிறகு முழு வளைவும். அன்று திரையில் பெருக்கல் எண் ஏறுவதைப் பார்த்தபோது நான் கத்தவில்லை, மூச்சுக்கூட விடவில்லை. தட்டுகிற தாளம் கலைந்துவிடும் என்று பயம்.

ஒரு வளைவை எப்படிக் கடக்கிறோம் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். வலது பக்க வளைவு வருகிறது. அதற்கு முன்பே மிதியை எடுக்கிறோம். எடுத்த கணத்தில் காரின் எடை முன்பக்கம் சாய்கிறது. பின்பக்கம் இலேசாகி, பின்சக்கரங்களின் பிடி குறைகிறது. இப்போது ஸ்டியரிங்கைக் கொஞ்சம் இடப்பக்கம் ஒடித்து, உடனே வலப்பக்கம் வீசுகிறோம். எடை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஊசலாடி, பின்பக்கத்தைத் தள்ளிவிடுகிறது. போதாவிட்டால் ஸ்பேஸ் பாரில் ஹேண்ட் பிரேக்கை ஒரு தொடு. வால் வெளியே போய்விட்டது; மூக்கு வளைவின் உட்பக்கத்தைப் பார்க்கிறது. இந்த இடத்தில் பயந்தவன் செய்கிற காரியம், மிதியை மொத்தமாக விடுவது. விட்டால் பின்சக்கரங்கள் திடீரென்று தரையைக் கவ்வி, கார் எதிர்ப்பக்கம் எகிறிச் சுவரில் மோதும். விடக்கூடாது. மிதித்துக்கொண்டே, ஸ்டியரிங்கை வால் போகிற பக்கம், அதாவது வளைவுக்கு எதிர்ப்பக்கம் திருப்பி வைக்கவேண்டும். வலப்பக்கம் வளைகிற சாலையில் இடப்பக்கம் திருப்பிய சக்கரங்களோடு போகிறோம். சாய்வைக் கூட்டவும் குறைக்கவும் இப்போது கால்தான். மிதியைக் கூட்டினால் வால் இன்னும் வெளியே போகும், குறைத்தால் உள்ளே வரும். கை வெறுமனே காலுக்கு ஒத்துப்போகிறது.

எல்லாவற்றையும்விடக் கடினம், ஒரு வளைவின் வழுக்கலிலிருந்து நேராகாமல் அடுத்த எதிர்வளைவின் வழுக்கலுக்கு மாறுவது. வலதில் சாய்ந்த கார் இடதில் சாயவேண்டும். நடுவில் ஒரு கணம் கார் நேராக இருக்கும். அந்தக் கணத்தில் யாருடைய கட்டுப்பாட்டிலும் அது இல்லை. அந்தக் கணத்துக்குப் பழகத்தான் எனக்கு அதிக நாள் பிடித்தது. தட்டுகிற விரல்கள் இரண்டும் ஒரே நேரத்தில் தாளம் மாறவேண்டும். வீட்டில் சாப்பாட்டுத் தட்டின் விளிம்பில் தட்டிப் பார்ப்பேன். “என்னடா கையி சும்மா இருக்க மாட்டேங்குது?” என்று அம்மா கேட்பார்.

மின்வெட்டுக் காலம் அது. முறைவைத்துக் கரண்ட் போகும். முறை தவறியும் போகும். கம்பெனிகளில் ஜெனரேட்டர் உறும ஆரம்பித்துவிடும். மாடியில் கடைக்கார அண்ணனின் யூபிஎஸ் பழைய பேட்டரி. சேவ் பண்ணி அணைக்கும் நேரம் மட்டும் தாங்கும். நீண்ட வழுக்கலின் நடுவில் திரை கறுத்துப்போவது எங்களுக்குப் பழக்கமாகிவிட்டது. இருட்டில் உட்கார்ந்து, தெரிந்ததையும் கேள்விப்பட்டதையும் பேசிக்கொண்டிருப்போம். டிரிஃப்டின் கதையை நான் கேட்டது அந்த இருட்டில்தான். சாயப்பட்டறையில் சூப்பர்வைசராக இருந்த ஒருவர் ஜப்பான் கார்களைப் பற்றி நிறையத் தெரிந்து வைத்திருந்தார். அவர் சொன்னதைப் பின்னாளில் நானே தேடிப் படித்து நிரப்பிக்கொண்டேன்.

குனிமிட்சு தகாஹாஷி என்று ஒருவர். 1961இல் மேற்கு ஜெர்மனியில் 250 சிசி பிரிவில் ஜெயித்து, மோட்டார் சைக்கிள் கிராண்ட் பிரிக்ஸில் வென்ற முதல் ஜப்பானியர் ஆனவர். அடுத்த ஆண்டு மேன் தீவுப் பந்தயத்தில் விழுந்து பலத்த காயம். பிறகு காருக்கு மாறினார். 1970களில் நிசான் ஸ்கைலைனை வளைவுகளுக்குள் வழுக்கிக்கொண்டே நுழைத்து வேகம் குறையாமல் வெளியே எடுப்பது அவருடைய பாணி. அதைப் பார்த்து வளர்ந்தவர் கெய்ச்சி சுசியா. மலைப்பாதைகளில் பழகி, ‘டிரிஃப்ட் ராஜா’ என்று பெயரெடுத்தவர். 1987இல் ‘பிளஸ்பி’ என்ற வீடியோவில் அவர் ஓட்டியது டொயோட்டா ஏஇ86. பெரிய காரும் இல்லை, விலை உயர்ந்ததும் இல்லை, 1.6 லிட்டர் என்ஜின். அந்தத் தலைமுறை கொரோலாக்கள் முன்சக்கர இழுவைக்கு மாறிக்கொண்டிருந்தபோது, பின்சக்கர இழுவையிலேயே நின்றுவிட்ட ஒரு வகை. இலேசான உடம்பு. அதே கார்தான் பிறகு ‘இனிஷியல் டி’ என்ற படக்கதையில் தோஃபு கொண்டுபோய்க் கொடுக்கும் பையனின் காராக உலகம் முழுக்கப் போனது. எங்கள் கேமிலும் அது இருந்தது, கொரோலா ஜிடி-எஸ் என்ற பெயரில். தெரிந்த நாளிலிருந்து வேறு காரை நான் எடுக்கவில்லை.

சுசியாவைப் பற்றிப் படித்ததில் என்னை நிறுத்தியது வேறு ஒரு செய்தி. அவர் வெறும் வேடிக்கை ஓட்டுநர் இல்லை. 1999 லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் கத்தாயாமா, சுசுகி இருவரோடும் சேர்ந்து டொயோட்டாவில் இரண்டாம் இடம் பெற்றவர். வழுக்கத் தெரிந்தவனுக்கு வழுக்காமல் ஓட்டவும் தெரியும். பிடி எங்கே முடிகிறது என்று அந்தப் பக்கம் போய்ப் பார்த்து வந்தவன் அவன்.

கேமில் கற்றது நிஜமென்று எனக்கு உறுதியானது குட்டி யானையில். டாடா ஏஸை எங்கள் ஊரில் வேறு பெயரில் யாரும் கூப்பிடுவதில்லை. கட்டிங் முடிந்த பீஸ் கட்டுகளை ஜாப் வொர்க் யூனிட்டில் இறக்க, தெருக்கார மாமா ஒருவரோடு பெருமாநல்லூர்ப் பக்கம் போயிருந்தேன். திரும்பும்போது வண்டி காலி. கோடையின் முதல் மழை. மாதக்கணக்காகச் சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் மேலே வந்து தார் முழுக்க வழவழப்பு. ஒரு வளைவில் பின்பக்கம் நழுவியது. பாரம் இல்லாத பின்பக்கம், பின்சக்கர இழுவை. நாலாம் நம்பரில் நான் பார்த்துக்கொண்டிருந்த அதே அசைவு, இப்போது என் முதுகுத்தண்டில் தெரிந்தது. மாமா பிரேக்கைத் தொடவில்லை. ஸ்டியரிங்கை நழுவும் பக்கமே கொஞ்சம் விட்டார், மிதியை மெல்லத் தளர்த்தினார், வண்டி நேரானது. எல்லாம் ஒரு மூச்சுக்குள்.

“பிரேக்க அடிச்சா சுத்திப்போடுமுங் கண்ணு. வாலு போற பக்கமே ஸ்டியரிங்க விடோணும். மிதிய வெடுக்குனு எடுக்கப்புடாது” என்றார். யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று கேட்டேன். லாரியில் கிளீனராக இருந்தபோது திம்பம் மலைப்பாதையில் பார்த்துத் தெரிந்துகொண்டதாகச் சொன்னார். அந்த 27 கொண்டை ஊசி வளைவுகளில் மழைக்காலத்தில் லாரி ஏற்றி இறக்கியவர்களிடம் கற்றவருக்கு, டிரிஃப்ட் என்ற சொல்லே தேவைப்படவில்லை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். பொதுச்சாலையில் வேண்டுமென்று வழுக்குவதை நான் எந்த நாளும் ஏற்கமாட்டேன். அவிநாசி சாலையிலும் பல்லடம் சாலையிலும் ஷிப்ட் விட்டுச் சைக்கிளில் வருகிற பெண்களுக்கு நடுவில் வண்டியை வீசிக் காட்டுகிறவன் ஓட்டுநரே இல்லை. கேமைக் கொண்டாடுவதற்கு எனக்குள்ள முதல் காரணமும் இதுதான். ஒருவருக்கும் காயமில்லாமல், ஒரு டயர்கூடத் தேயாமல், பிடி விட்டுப்போகிற இடத்துக்கு ஆயிரம் தடவை போய் வரலாம். நிஜ டிரிஃப்ட் காருக்குப் பின்டயர்கள் சாப்பாடு. ஒரு நாள் பயிற்சிக்கே ஜோடி ஜோடியாகக் கரையும். கார் வாங்கும் வழியே இல்லாத வீடுகளிலிருந்து வந்த பையன்களுக்கு, கார் என்கிற பொருள் எப்படி நகர்கிறது, எடை எங்கே போகிறது, பிடி எங்கே முடிகிறது என்ற அறிவை மணிக்கு 20 ரூபாய்க்கு அந்த மாடி கொடுத்தது. அதைப் பொழுதுபோக்கு என்று மட்டும் சொல்ல எனக்கு மனமில்லை. வருத்தம் என்னவென்றால், கேம் விளையாடிக் கெட்டுப்போகிறான் என்று எங்களைச் சொன்னவர்களில் ஒருவர்கூட ஒருநாளும் மாடியேறி வந்து பின்னால் நின்று பார்க்கவில்லை.

2011 ஜனவரி 28ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடாத முறை வரும்வரை திறக்கக்கூடாது. நொய்யலில் சாயத்தண்ணீர் ஓடியதும், ஒரத்துப்பாளையம் அணை சாயம் தேங்கும் குட்டையானதும், கீழே விவசாயிகளின் கிணறும் நிலமும் கெட்டதும் எல்லாருக்கும் தெரியும். அந்த விவசாயிகள் பக்கம்தான் நியாயம். அன்றும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் துணிக்குச் சாயம் ஏறாவிட்டால் கட்டிங்குக்கு வேலை இல்லை. கட்டிங் இல்லாவிட்டால் டைலருக்கு இல்லை. லைன்கள் ஒவ்வொன்றாக நின்றன. பீஸ் ரேட்டில் பிழைக்கிறவர்களுக்கு வேலையில்லாத வாரம் என்றால் சம்பளமில்லாத சனிக்கிழமை. வாடகை கட்ட முடியாமல் தெற்கத்திக் குடும்பங்கள் பேருந்து நிலையத்தில் பாத்திர மூட்டைகளோடு நின்றன. அண்ணனும் போனார். போவதற்கு முந்தின ஞாயிறு மாடிக்கு வந்தார்; அன்றுதான் முதல்முறையாக நாலாம் நம்பரில் அவரே உட்கார்ந்தார். நான் பின்னால் நின்றேன். கீபோர்டில் அவருடைய கை தடுமாறியது. மேசைக்கு அடியில் அவர் வலது கால் மட்டும் வெறும் தரையை மிகச் சரியாக மிதித்துக்கொண்டிருந்தது. “காலுக்கு வேலையே இல்லாத வண்டியாடா இது” என்று எழுந்துவிட்டார்.

அந்த பிரவுசிங் சென்டர் பின்னால் செல்போன் ரீசார்ஜ் கடையாகி, பிறகு இல்லாமல் போனது. நான் படித்து முடித்து ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசர் ஆனேன். சேம்பிள், அப்ரூவல், ஷிப்மென்ட் தேதி என்று வருடங்கள் ஓடின. 2020 ஊரடங்கில் ஆர்டர்கள் நின்றபோது, கோவையிலிருந்து கைமாறி வந்த லாஜிடெக் ஜி29 ஸ்டியரிங்கும் மூன்று மிதிகளும் என் மேசையில் இருந்தன. கூடவே இத்தாலியின் குனோஸ் நிறுவனம் செய்த அசெட்டோ கோர்சா. அதில் போட்டிக்குத் தகுந்தபடி காரின் குணத்தை மாற்றும் சலுகை கிடையாது. முன்சக்கர இழுவைக் கார் முன்சக்கர இழுவைக் காராகவே இருக்கும்.

கீபோர்டில் தெரிந்தவனுக்கு இது எளிது என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். உட்கார்ந்தபின் தெரிந்தது வேறு. வால் வழுக்கத் தொடங்கியதும் ஸ்டியரிங் தானாகவே எதிர்ப்பக்கம் ஓடுகிறது. நிஜக் காரிலும் அப்படித்தான். முன்சக்கரங்கள் பொருத்தப்பட்டிருக்கும் சாய்வினால், வண்டி உண்மையில் எந்தத் திசையில் நகர்கிறதோ அந்தத் திசைக்குத் தாமாகவே திரும்பப் பார்க்கும். கெட்டியாகப் பிடித்தால் காருக்குத் தெரிந்ததை நாம் தடுக்கிறோம். உள்ளங்கைகளுக்கு நடுவில் அதை ஓடவிட்டு, போதுமான இடத்தில் மட்டும் பிடித்து நிறுத்தவேண்டும். விட்டுப் பிடிக்கிற அந்த நொடியைக் கைகள் கற்றுக்கொள்ள வாரங்கள் ஆயின. இரண்டாம் கியரில், வெறும் தளத்தில், ஒரே வட்டத்தைச் சுற்றிச் சுற்றி. வட்டம் வந்தபின் எட்டு. எட்டுப் போட வந்த பிறகுதான் சாலை.

மிதி மட்டும் முதல் நாளே வந்துவிட்டது. கடைசியில் அரை மிதி இருக்கிற ஒரு பொருள்! கால், முக்கால், அதற்கும் நடுவில் இருக்கிற பெயரில்லாத அளவுகள் எல்லாம் பாதத்துக்கு அடியில் இருந்தன. ரிப் வைக்கும்போது அண்ணனின் செருப்பில்லாத கால் எப்படி முன்பாதத்தால் மட்டும் மிதியைத் தொட்டது என்று நினைவுபடுத்திக்கொண்டு, நானும் செருப்பைக் கழற்றிவிட்டு அப்படியே மிதித்தேன்.

செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேக்கு நண்பர் ஒருவர் கூட்டிப்போனார். பல்லடம் வழியே போனால் எங்கள் ஊரிலிருந்து தொலைவே இல்லை. ஆனாலும் அதுவரை போனதில்லை. கோவை மில் குடும்பத்தில் பிறந்து, கார் வடிவமைப்பிலும் பந்தயத்திலும் உயிரை வைத்திருந்த கரிவரதன், 1995இல் சிறுவிமான விபத்தில் இறந்தார். அவர் பெயரில் 2003இல் திறந்த களம் அது. அவர் உருவாக்கிய ஃபார்முலா மாருதி கார்களில் பழகியவர்களில் ஒருவர்தான் நரேன் கார்த்திகேயன், 2005இல் ஃபார்முலா ஒன்றுக்குப் போன முதல் இந்தியர். பஞ்சும் நூலும் சம்பாதித்துக் கொடுத்த பணம் இந்தப் பக்கத்தில் பந்தயக் கார்களாகவும் ஓடியிருக்கிறது. அன்று நடந்தது ஃபார்முலா எல்ஜிபி பந்தயம். யாரும் வழுக்கவில்லை, வழுக்கினால் நேரம் போகும். ஆனால் வேலியோரம் நின்று கவனித்தபோது, நன்றாக ஓட்டுகிற இரண்டு மூன்று பேரின் கார்கள் மட்டும் வளைவின் நடுவில் நூலளவு அசைவதும், முன்சக்கரங்கள் ஒரு கணம் எதிர்ப்பக்கம் திரும்பி மீள்வதும் தெரிந்தன. பிடி முடிகிற கோட்டின் மேலேயே போகிறார்கள். பக்கத்தில் நின்றவர்கள் யாரும் அதைக் கண்டதாகத் தெரியவில்லை. எனக்கு அது தெரிந்ததற்கு, வேலம்பாளையத்து மாடியைத் தவிர வேறு காரணமில்லை.

அண்ணன் இப்போது சொந்த ஊரில் குட்டி யானை ஓட்டுகிறார். பலசரக்கு, தேங்காய், கல்யாண வீட்டு நாற்காலி, எதுவானாலும். போடிமெட்டு ஏறி ஏலக்காய்த் தோட்டங்கள் வரை போய்வருவார். போன பொங்கலுக்குப் பேசினோம். வீடு, பிள்ளைகள், டீசல் விலை எல்லாம் முடிந்து, “இன்னும் அந்தக் கார் ஆட்டம் ஆடுறியாடா?” என்றார். ஸ்டியரிங் வாங்கியதைச் சொன்னேன். விலையைக் கேட்டு, “ஆத்தாடி” என்றார். மிதி இருக்கிறதா என்றார். மூன்று இருக்கிறது என்றேன்.

“மூணுன்னா, கிளட்சுமா?”

“ஆமாண்ணே, கிளட்சும் இருக்கு.”

“பாதியில பிடிக்குமா?”

“பிடிக்கும்ண்ணே.”

“அப்ப சித்திரைத் திருவிழா முடியட்டும், ஒரு லோடு அந்தப் பக்கம் வருது. வந்து உக்காந்து பாக்குறேன்” என்றார்.